சைன் 30-க்கு மூன்று விடைகள்

சயன்டிஃபிக் கால்குலேட்டரை எடுத்து சைன் 30 என்று தட்டுங்கள். திரையின் மேலே சின்னதாக டி என்ற எழுத்து இருந்தால் 0.5 வரும். ஆர் இருந்தால் மைனஸ் 0.988. ஜி இருந்தால் 0.454. மூன்றுமே சரியான விடைகள்தான். கேள்விதான் அரைகுறையாக இருக்கிறது. 30 என்றால் எந்த 30? டி என்றால் டிகிரி, ஆர் என்றால் ரேடியன், இரண்டும் கோணத்தின் அலகுகள். ஜி யார் என்பது பின்னால் வரும்.

டெல்லி ஆர்.கே.புரத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தருகிறேன். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் மூன்றாம் பாடத்தில் ரேடியன் தலைகாட்டியதும், ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அங்கிள், டென்த் வரைக்கும் டிகிரி நல்லாத்தானே இருந்துச்சு, இது எதுக்கு?" நியாயமான கேள்வி. பை ரேடியன் என்றால் 180 டிகிரி என்று ஒரு வாய்ப்பாட்டைக் கொடுத்து, பத்துக் கணக்கு போடவைத்து, பள்ளிக்கூடம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. ஏற்கெனவே ஓர் அலகு இருக்கும்போது இன்னொன்று ஏன் என்பதை யாரும் சொல்வதில்லை.

என் பார்வையில் இதற்குப் பதில் எளிது. கோணத்தை அளந்து முடித்தபிறகு அதை வைத்து என்ன கணக்கு போடப்போகிறோம் என்பதுதான் அலகைத் தீர்மானிக்கிறது. பங்கு போடுபவருக்கு ஓர் அலகு வசதி, தூரம் கணக்கிடுபவருக்கு வேறொன்று, பீரங்கிக்காரருக்கு இன்னொன்று.

பங்கு போடுவதிலிருந்து ஆரம்பிப்போம். வட்டத்துக்கு 360 என்ற வழக்கத்தின் வேர் பாபிலோனில் இருக்கிறது. அறுபதறுபதாக எண்ணியவர்கள் அவர்கள். கிரேக்க வானியலாளர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, அரை டிகிரிக்கு ஒன்று வீதம் வட்டத்தின் நாண்களுக்கு நீள அட்டவணையே போட்டுவிட்டார். 360 இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், அதை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் 24 இருப்பதுதான். ஒன்று முதல் பத்து வரைக்கும் பார்த்தால் ஏழு மட்டும்தான் சண்டித்தனம் செய்யும்.

நம் வீட்டுப் பஞ்சாங்கம் முழுக்க இந்தப் பங்கீடுதான். ராசி என்பது வட்டத்தில் பன்னிரண்டில் ஒன்று, அதாவது 30 பாகை (டிகிரிக்குத் தமிழில் பாகை). நட்சத்திரம் இருபத்தேழில் ஒன்று. 360-ஐ 27-ஆல் வகுத்தால் 13 பாகை 20 கலை என்று கொஞ்சம் பிசிறு தட்டும். ஆனால் ஒரு பாகைக்கு 60 கலை என்று மாற்றிக்கொண்டால் வட்டம் 21,600 கலை ஆகிவிடும். அதில் ஒரு நட்சத்திரத்துக்கு 800 கலை, ஒரு பாதத்துக்கு 200 கலை. பிசிறே இல்லை.

திதியும் ஒரு கோணம்தான் என்பது பலருக்குத் தெரியாது. சூரியனிடமிருந்து சந்திரன் 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது. விலகல் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் அமாவாசை முடியும். 180-ஐத் தொடும் கணத்தில் பௌர்ணமி முடியும். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அதனால் ஒரு திதி சில சமயம் 19 மணி நேரத்தில் முடிந்துவிடும், சில சமயம் 26 மணி நேரம் வரை இழுக்கும். கோணம் பூஜ்யமாகும் அந்தக் கணம் சென்னைக்கும் டெல்லிக்கும் ஒன்றுதான். சூரிய உதயம் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். உதயத்தில் எந்தத் திதி இருக்கிறது என்று பார்த்துச் செய்யும் காரியங்களில், சென்னையில் அச்சடித்த காலண்டரை டெல்லியில் மாட்டிவைத்திருக்கும் குடும்பங்களுக்கு எப்போதாவது ஒரு நாள் குழப்பம் வருவது இதனால்தான். ராகுகாலத்தையும் உதயத்திலிருந்து கணக்கிடுபவர்களுக்கு இதே தலைவலி உண்டு.

21,600 என்ற எண்ணை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு 21,600 என்பது சித்தர் மரபில் வரும் கணக்கு. சிதம்பரம் பொன்னம்பலக் கூரையில் அத்தனை ஓடுகள் என்றும் சொல்வார்கள். ஆரியபடர் கி.பி. 499-ஐ ஒட்டி எழுதும்போது ஒரு பிராணன், அதாவது ஒரு மூச்சு நேரத்தில் பூமி ஒரு கலை சுழல்கிறது என்கிறார். நம் கடிகாரத்தில் நான்கு வினாடி. நாழிகையும் இதே வகைதான்: நாளில் அறுபதில் ஒன்று, 24 நிமிடம், வானம் 6 பாகை திரும்பும் நேரம். நேரமும் கோணமும் ஒரே கணக்கின் இரண்டு பெயர்களாக இருந்திருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க டெல்லியில் ஓர் இடம் இருக்கிறது. ஜந்தர் மந்தர் என்றதும் நம்மவர்களுக்குப் போராட்டம்தான் நினைவுக்கு வரும். 2017-ல் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளோடு உட்கார்ந்திருந்தது அந்தச் சாலையில்தான். சுற்றுச்சுவருக்கு உள்ளே இருப்பது, 1724-ல் ராஜா இரண்டாம் சவாய் ஜெய்சிங் கட்டிய வானாய்வுக்கூடம். நடுவில் நிற்கும் சுமார் 70 அடி உயரச் செங்கோண முக்கோணம் சம்ராட் யந்திரம். அதன் சாய்ந்த விளிம்பு தரையோடு 28 பாகை 37 கலைக் கோணத்தில் ஏறுகிறது. டெல்லியின் அட்சரேகையும் அதேதான். அதனால் அந்த விளிம்பு நேராக வானத்தின் வட துருவத்தைக் காட்டும். இதையே சென்னையில் கட்டியிருந்தால் 13 பாகைதான் சாய்வு. அதில் யார் வேண்டுமானாலும் நடந்தே ஏறிவிடலாம்.

முக்கோணத்தின் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு கால்வட்ட வில்கள் இருக்கின்றன. நிழல் அவற்றின் மேல் மணிக்கு 15 பாகை நகரும். வில்லின் ஆரத்தைக் கணக்குக்காக 15 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் நிழல் கிட்டத்தட்ட 3.9 மீட்டர் போகும், நிமிடத்துக்கு ஆறரை சென்டிமீட்டர், வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஒரு கலைக்கு வில்லில் சுமார் 4.4 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது. கையில் பிடிக்கும் 15 சென்டிமீட்டர் ஆரப் பித்தளைக் கருவியில் அதே ஒரு கலைக்கு இருக்கும் இடம் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒன்றுகூட இல்லை. பித்தளைக் கருவிகள் சிறியவை, அச்சு தேய்ந்து ஆடிவிடுகின்றன என்று சொல்லித்தான் ஜெய்சிங் கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மாறினார்.

ஆனால் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. சூரியன் புள்ளி கிடையாது. வானத்தில் அரை டிகிரிக்குச் சற்று அதிகமான அகலத்தில் தெரியும் வட்டு அது. அதனால் நிழலின் விளிம்பு கத்தி வெட்டு மாதிரி விழாது. 15 மீட்டர் தள்ளி, சுமார் 14 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் கலங்கலாக விழும். அது நேரத்தில் இரண்டு நிமிடம். விளிம்பின் நடு எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் பார்ப்பவரின் சாமர்த்தியம் இருக்கிறது.

நிழல் காட்டும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் பொருந்தாது. இந்திய நேரம் 82 பாகை 30 கலை தீர்க்கரேகைக்கு உரியது. டெல்லி இருப்பது 77 பாகை 13 கலையில். வித்தியாசம் 5 பாகை 17 கலை. பாகைக்கு நாலு நிமிடம் என்றால் 21 நிமிடம். ஆக, கடிகாரத்தில் சராசரியாக 12.21-க்குத்தான் டெல்லியில் உச்சிப்பொழுது. பூமியின் பாதையும் அச்சின் சாய்வும் சேர்ந்து செய்யும் குளறுபடியால் பிப்ரவரி நடுவில் அது 12.35 வரை தள்ளிப்போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.05-க்கே வந்துவிடும். சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து 12 நிமிடம் கழித்துத்தான் இங்கே வரும்.

இங்கே ஒரு நடைமுறை எச்சரிக்கை. 28 பாகை 37 கலை என்பதை 28.37 என்று மேப்பில் அடித்துவிடாதீர்கள். கலை அறுபதில் எண்ணப்படுகிறது. 37 கலை என்பது 0.617 பாகை. 28.37 என்று போட்டால் சுமார் 27 கிலோமீட்டர் தெற்கே, ஹரியானாவுக்குள் போய் நிற்பீர்கள். சிறு எண் மாற்றம்தான், ஆட்டோக்காரர் கேட்கும் தொகை வேறாகிவிடும்.

மேலே ஒரு காரியம் செய்தேன், கவனித்தீர்களா? 15 பாகை என்பதிலிருந்து 3.9 மீட்டருக்குத் தாவினேன். அந்தத் தாவலுக்குத்தான் ரேடியன் வேண்டும்.

ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ஓரம் வரைக்கும் நூலை வைத்து அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். அந்த நூலை இப்போது தட்டின் விளிம்பின் மேல் வளைத்து ஒட்டுங்கள். நூலின் இரு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு போட்டால் கிடைக்கும் கோணம் ஒரு ரேடியன். தட்டு பெரிதானாலும் சிறிதானாலும் கோணம் மாறாது. இப்படி ஆறு நூல் ஒட்டியபிறகும் கால் பங்குக்குச் சற்று அதிகமாக இடம் மிச்சமிருக்கும். மொத்தம் 6.283 நூல். அதுதான் 2 பை. டிகிரியில் ஒரு ரேடியன் 57 பாகை 17 கலை 45 விகலை (கலையில் அறுபதில் ஒன்று விகலை). இந்த எண் அசிங்கமாக இருக்கிறது என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பங்கு போடுவதற்கு ரேடியன் நிஜமாகவே அசிங்கமான அலகுதான். பங்கு போடுவதை விட்டுவிட்டுத் தூரத்துக்கு வந்தால் கதை மாறும். வில்லின் நீளம் வேண்டுமா? ஆரத்தைக் கோணத்தால் பெருக்கு, முடிந்தது. 180-ஆல் வகுப்பதோ பையால் பெருக்குவதோ கிடையாது.

இந்த யோசனையை ஆங்கிலேயக் கணிதவியலாளர் ரோஜர் கோட்ஸ் 1714-ல் வெளியிட்ட கட்டுரையில் பார்க்கலாம். ரேடியன் என்ற பெயர் அச்சில் வந்தது 1873-ல், பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் தாம்சன் தயாரித்த தேர்வுத்தாளில். பரீட்சைத் தாளில் பிறந்த பெயர் இன்றுவரை பரீட்சையில் பிள்ளைகளைப் படுத்துகிறது.

ஆனால் காரியத்தைப் பார்த்தால், ஆரியபடரின் சைன் அட்டவணையில் ரேடியன் ஒளிந்துகொண்டிருக்கிறது. அவர் எடுத்துக்கொண்ட வட்டத்தின் சுற்றளவு 21,600 கலை. பையின் மதிப்பு 3.1416 என்று அவரே கொடுத்திருக்கிறார். சுற்றளவை இரண்டு பையால் வகுத்தால் ஆரம் 3,438. வில்லை எந்த அலகில் அளந்தாரோ அதே அலகில் ஆரத்தையும் அளந்துவிட்டார். ரேடியன் என்பது இந்த ஒரு முடிவுதான், வேறொன்றும் இல்லை. ஒரு ரேடியனில் எத்தனை கலை என்று கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், 3,437.75 வரும்.

அட்டவணையை 225 கலைக்கு, அதாவது 3 பாகை 45 கலைக்கு ஒரு படி என்று அமைத்தார். முதல் சைன் மதிப்பும் 225. வில்லும் சைனும் ஒரே எண். அடுத்தடுத்த கூடுதல்கள் 224, 222, 219, 215, 210, 205, 199 என்று மெல்லக் குறையும். இந்த எட்டையும் கூட்டினால் 1,719. எட்டுப் படி என்றால் 30 பாகை. 1,719 என்பது 3,438-இல் சரிபாதி. நாம் எல்லோரும் மனப்பாடம் செய்த சைன் 30 சமம் அரை, அங்கே கூட்டலாலேயே வந்து நிற்கிறது. வகுப்பில் ரேடியனை இந்த எட்டு எண்களிலிருந்து ஆரம்பிப்பது என் வழக்கம். பை என்றால் 180 என்ற வாய்ப்பாட்டைவிட இது சீக்கிரம் ஏறுகிறது.

சின்னக் கோணத்தில் வில்லும் சைனும் ஒன்றாகிவிடுவதுதான் நுண்கணிதத்துக்கே வாசல். சைனின் மாறும் வீதம் கோசைன் என்று பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பது ரேடியனில் மட்டும்தான் உண்மை. டிகிரியில் எழுதினால் 0.01745 என்று ஒரு பெருக்கல் எண் ஒவ்வொரு முறையும் ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு முறை வகையிட்டால் அதன் வர்க்கம் வரும். கேரளத்தில் பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த சங்கமகிராமத்து மாதவர் சைனுக்கு முடிவில்லாத் தொடர் கண்டதும், வில்லையும் ஆரத்தையும் ஒரே அலகில் அளக்கும் இந்த மரபில் நின்றுதான். அவர் ஆரத்தை 3,437 கலை 44 விகலைக்கும் கீழே நுணுக்கிவிட்டார். எக்செலும் பைத்தானும் சைன் கேட்டால் கொடுக்கும் கோணத்தை ரேடியன் என்றே எடுத்துக்கொள்வதற்கும் காரணம் இதுவே. உள்ளே ஓடும் கணக்கு அந்த மொழியில்தான் நடக்கிறது. 30 என்று அப்படியே கொடுத்தால் நாலு சுற்று சுற்றி மேலும் 279 டிகிரி போய், மைனஸ் 0.988-இல் நிற்கும்.

கால்குலேட்டரில் இருக்கும் ஜி, கிரேடியன். பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எல்லாவற்றையும் பத்தாக்கியபோது செங்கோணத்தை நூறாகவும் வட்டத்தை நானூறாகவும் ஆக்கினார்கள். பூமியின் துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை பத்தாயிரம் கிலோமீட்டர் என்று மீட்டரை வகுத்ததும் அவர்கள்தான். அதனால் ஒரு கிரேடியனின் நூறில் ஒரு பங்கு, அவர்கள் கணக்குப்படி தரையில் ஒரு கிலோமீட்டர் ஆகிறது. அழகான திட்டம். ஆனால் சமபக்க முக்கோணத்தின் கோணம் 66.67 என்று இழுபடும்போது மரியாதை போய்விடுகிறது. கடலோடிகள் பழைய கலையையே வைத்துக்கொண்டார்கள். ஒரு கலை அட்சம்தான் ஒரு கடல் மைல், இப்போது 1,852 மீட்டர். சென்னைக்கும் டெல்லிக்கும் அட்ச வித்தியாசம் பதினைந்தரை பாகை. அறுபதால் பெருக்கினால் வடக்குத் தெற்காக 930 கடல் மைல். நில அளவைக் கருவிகளில் மட்டும் கிரேடியன் இன்றும் ஓரமாக உயிரோடிருக்கிறது.

ராணுவத்தின் மில் இதைவிடக் கெட்டிக்கார அலகு. ஒரு ரேடியனில் ஆயிரத்தில் ஒன்று என்றால், ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒரு மீட்டர். குண்டு இலக்குக்கு ஐந்து மீட்டர் வலப்பக்கம் விழுந்தால், இரண்டு கிலோமீட்டரில் திருத்தம் இரண்டரை மில். போர்க்களத்தில் மனக்கணக்காகப் போடலாம். சரியாகப் பார்த்தால் வட்டத்துக்கு 6,283 மில் வரவேண்டும். அந்த எண்ணைத் தகட்டில் பிரித்து வெட்டுவது பெரும்பாடு என்பதால் நேட்டோ 6,400 என்று வைத்துக்கொண்டது. சோவியத் பக்கம் 6,000. சுவீடன் 6,300 வரை வந்து பார்த்தது. பங்கு போடும் வசதிக்கும் தூரக் கணக்குக்கும் நடக்கும் இழுபறியில் மூன்று படைகள் மூன்று இடத்தில் சமரசம் செய்துகொண்டன.

ரயில்வேயின் சமரசம் இன்னொரு மாதிரி. வளைவை ஆரத்தால் சொல்லாமல் டிகிரியால் சொல்வார்கள். 30.5 மீட்டர், அதாவது பழைய நூறு அடி நாண், மையத்தில் ஒரு டிகிரி பிடித்தால் அது ஒரு டிகிரி வளைவு. 30.5-ஐ ஒரு ரேடியனின் 57.3-ஆல் பெருக்கினால் சுமார் 1,750 மீட்டர் ஆரம். பத்து டிகிரி வளைவு என்றால் 175 மீட்டர். அகலப்பாதையில் அதற்குமேல் நெளியவிட மாட்டார்கள். பாதை போடுபவர் மையத்துக்குப் போய் நின்று ஆரம் அளக்க முடியாது, தண்டவாளத்தின் மேல் நாணைத்தான் பிடிக்க முடியும். அதனால் இப்படி. சக்கர நாற்காலிச் சாய்தளம் அமைப்பவர் கோணத்தையே விட்டுவிட்டு 12-க்கு 1 என்பார். அது 4.76 பாகை. கொத்தனாருக்கு அந்த 4.76-ஐச் சொன்னால் உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

இவ்வளவுக்கும் பிறகு ரேடியன் ஓர் அலகா என்பதே வழக்கில் இருக்கும் விஷயம். நீளத்தை நீளத்தால் வகுத்தால் வெறும் எண்தானே மிஞ்சும்? 1960-ல் சர்வதேச அலகு முறையை அமைத்தவர்கள் எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் துணை அலகுகள் என்று தனிப் பெட்டி ஒன்று போட்டு அதற்குள் வைத்தார்கள். 1995-ல் பெட்டியையே ஒழித்துவிட்டு, பரிமாணமில்லாத வழி அலகு என்று சேர்த்துக்கொண்டார்கள். விளைவு, ரேடியனை எழுதினாலும் விட்டாலும் குற்றமில்லை. வீட்டுக்கு வரும் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. அதையே ரேடியனில் சொன்னால் வினாடிக்கு 314. அலகு எழுதும் இடத்தில் இரண்டுக்குமே "ஒன்றின் கீழ் வினாடி" என்று போட்டால் முறைப்படி தப்பில்லை, ஆனால் எண்கள் ஆறு மடங்கு வேறு. லெவன்த் பிசிக்ஸில் ஊசல் கணக்கில் ஒரு 2 பை காணாமல் போனால், முதலில் தேட வேண்டிய இடம் இதுதான்.